அண்ணியிடம் சொல்லாமல் விட்டது

அண்ணிக்கு நாற்பத்தாறு வயதில் உதிரப்போக்கு நிற்காமல் போனது. மாதத்தில் பாதி நாள் அந்த அவஸ்தை. என் அண்ணன் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. வேலை போய்விடுமோ என்று கலங்கிக்கிடந்த மனிதரிடம் தன் உடம்பைப் பற்றிப் பேச அண்ணிக்கு மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, கொடியில் புடவையை உலர்த்திக்கொண்டிருந்தவர் தலைசுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார்.

முதலில் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் மயக்கம் கொடுத்து கர்ப்பப்பையைச் சுரண்டினார்கள். மயக்கம் தெளிந்தபின் இரண்டு நாள் வாந்தி. மூன்று மாதம் ஒன்றுமில்லை, பிறகு பழையபடி ஆரம்பித்தது. கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றார்கள். அண்ணி அழுதார்.

நான் அப்போது கனரக இயந்திரத் தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி பெங்களூரில் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னாள். மயக்கமே கொடுக்காமல், மெல்லிய குழாயில் கேமரா வைத்து உள்ளே பார்க்கிறாராம். காலையில் போனால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாமாம். நான் லீவு போட்டு அண்ணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் பங்காருபேட்டையில் ரயில் நின்றதும், "எனக்கு பயமா இருக்குதும்மா, நான் வரல" என்று இறங்கிவிட்டார். அடுத்த வண்டியில் இருவரும் திரும்பினோம். மறுபடி லீவு கேட்டபோது மேலதிகாரி முகத்தைச் சுளித்தார்.

இரண்டாம் முறை டாக்டர் அறை வரை போய்ச் சேர்ந்தோம். அவர் வடக்கத்திக்காரர். தமிழும் கன்னடமும் தெரியாது, ஆங்கிலம்தான். குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணிக்குத் தமிழும், சந்தையில் பேரம் பேசும் அளவுக்குக் கன்னடமும்தான் தெரியும். இருவருக்கும் நடுவில் நான்.

டாக்டர் ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து காட்டினார். சுரண்டி எடுப்பது கண்ணால் பார்க்காமல் செய்வது, சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் தப்பிவிடும் என்றார். இது பென்சிலைவிட மெல்லிய குழாய்; உப்புநீரை உள்ளே விட்டு இடத்தை விரித்து, டி.வி.யில் பார்த்துக்கொண்டே, சதை இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். அதையெல்லாம் ஒன்றுவிடாமல் அண்ணிக்குச் சொன்னேன்.

கடைசியாக டாக்டர் சொன்னார்: "பெரும்பாலானவர்களுக்கு மாதவிலக்கு வலி மாதிரிதான் இருக்கும். சிலருக்கு அதிகமாக வலிக்கும். தாங்க முடியாவிட்டால் சொல்லட்டும், உடனே நிறுத்திவிடுவேன். மரத்துப்போக ஊசி போடலாம், இல்லை இன்னொரு நாள் மயக்கம் கொடுத்துச் செய்யலாம். இதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "இன்னா சொல்றாங்க?"

"கொஞ்சமா வலிக்குமாம் அண்ணி. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுமாம்."

நிறுத்தலாம் என்று தெரிந்தால் தொட்டவுடனே நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் நல்லதுக்குத்தானே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு லீவு கிடைக்காது என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

குழாய் உள்ளே போனதும் அண்ணி என் கையை இறுக்கினார். டி.வி.யில் ரோஜா நிறத்தில் ஒரு குகை மாதிரி தெரிந்தது. அதன் ஓரத்தில் திராட்சை அளவுக்கு ஒரு சதை ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். அண்ணியின் நெற்றியில் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். டாக்டர் கையை நிறுத்தி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், சற்று நிறுத்தட்டுமா, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று.

"இன்னா கேக்கறாங்க?" என்றார் அண்ணி மூச்சு வாங்க.

"இன்னும் ரெண்டே நிமிஷம்னு சொல்றாங்க."

டாக்டரிடம் திரும்பி, "தொடரச் சொல்கிறார்கள்" என்றேன்.

சதை முழுசாக வந்துவிட்டது. பரிசோதனையில் கெடுதல் எதுவும் இல்லை என்று தெரிந்தது. உதிரப்போக்கு நின்றது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் என் வீட்டுக்கே வந்து, "நீ இல்லன்னா நாங்க இன்னா பண்ணியிருப்போம்" என்றார். நான் அவருக்குக் காபி போடும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

சில மாதங்கள் போயின. அண்ணியின் பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கும் அதே தொல்லை வந்தது. நான் அங்கே இருக்கும்போதே அவர் வந்து விசாரித்தார். அண்ணி ஒளிக்காமல் சொன்னார்: "நல்ல டாக்டர்தான். ஆனா நீ கத்தினாலும் உடமாட்டாங்க. பல்லக் கடிச்சிக்கினு படுத்துக்கணும்."

"அப்ப நான் போகவே மாட்டேம்மா" என்றார் அந்தம்மா.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தம்மா தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டேன். அதன்பிறகு என்னால் இருக்க முடியவில்லை. அலுவலகம் விட்டதும் நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணியின் கை நின்றது.

"நிறுத்துறேன்னு அவங்க சொன்னாங்களா?"

"ஆமா அண்ணி. ரெண்டு வாட்டி."

கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டார். "வலி போயிடுச்சும்மா, அது பெருசில்ல. நான் உன் கையப் புடிச்சிக்கினு உன் வாயத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது: "நான் சொன்னது தப்பு. நிறுத்துன்னா நிறுத்துவாங்களாம். ஊசிகூட போடுவாங்களாம். நீ கெளம்பு." மறுவாரமே அந்தம்மாவோடு அண்ணி பெங்களூருக்குப் போனார். தெரிந்த கன்னடத்தை வைத்து, அங்கிருந்த நர்சிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாராம். நடுவில் ஒருமுறை அந்தம்மா நிறுத்தச் சொன்னதும் நிறுத்தி, ஊசி போட்டு, பிறகு செய்தார்களாம்.

அண்ணி என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. பொங்கலுக்குப் புடவை வாங்கிக் கொடுத்தார். ஆனால் மறுவருஷம் பரிசோதனைக்குப் போகவேண்டியிருந்தபோது, பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த தன் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"உனக்கு ஆபீஸ் இருக்குதில்ல, வேணாம்" என்றார், கோபமே இல்லாமல்.