ஆறு கிலோ மூட்டை

என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலையில் ஒரு பெருமை இருந்தது. இருபத்தெட்டு வருடம் பார்சல் ஆபீசில் எடை போட்டவர், ஒரு நாளும் எந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. "உள்ள என்ன வேணா இருக்கட்டும். எத்தனை கிலோங்கறதுதான் என் பாடு" என்பார். கையில் தூக்கியே எடை சொல்லிவிடுவார். நான் தைப்பதற்குக் கொண்டுவரும் துணிக்கட்டை வாசலிலேயே வாங்கி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு "மூணே கால்" என்பார். தராசில் வைத்தால் மூன்றே கால்தான் இருக்கும். அந்த வித்தையால் வீட்டுக்குக் கால் காசு பிரயோசனம் கிடையாது, ஆனால் அப்போது அவர் முகத்தில் வரும் களையைப் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெற்றபோது, ஆபீசில் கழித்துப் போட்டிருந்த பழைய முள் தராசை வண்டி வைத்துக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தினார். மனிதர்கள் சோபா போடுகிற இடத்தில் எங்கள் வீட்டில் தராசு. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் கல்யாணம் வேண்டாமென்று அவர்களோடு தங்கிவிட்டவள், அடித்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. அதனால் வாயால் அடித்தேன்.

"அத்தான், வர்ற விருந்தாளியை உக்காருங்கன்னு சொல்றதா, ஏறுங்கன்னு சொல்றதா?"

"ரெண்டும் ஒண்ணுதான் போ."

அவருக்கு ஒரே ஒரு நண்பர். பஸ் கண்டக்டர். எல்லோருக்கும் அவர் 'விசில்'. முப்பது வருடம் ஒரே தடத்தில், மார்க்கெட்டிலிருந்து மில் வரை போய் வந்தவர். ஓடிக்கொண்டே இருந்தும் எங்கேயும் போகாத மனுஷன். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். பெற்றதும் காலில் சக்கரம் முளைத்துவிட்டது. கப்பலில் ஓர் இரவு போனால் ஒரு தீவு வரும், அதைச் சுற்றிக் கடலோரமாக ஒரே ஒரு ரோடு, இருபது நாளில் ஒரு சுற்று வந்துவிடலாம் என்று விசில் எங்கேயோ படித்திருந்தார். எட்டுப் பேர் படுக்கும் கூடத்தில் ஒரு கட்டில், பாதி தூரம் பஸ், பாதி நடை, ரொட்டியும் பழமும் சாப்பாடு. முதுகில் ஒரு பை, அவ்வளவுதான்.

பையின் எடையை அத்தான் முடிவு செய்தார். ஆறு கிலோ. ஒரு கிராம் கூடக் கூடாது. "ஜனங்க பாதி மூட்டையைத் தேவையில்லாமத்தான் தூக்கறாங்க. இருபத்தெட்டு வருஷமா பாத்துட்டேன்."

கிளம்புகிற அன்று காலையில் விசில் பையோடு வந்தார். அவர் மனைவி கட்டிக் கொடுத்த பை. தராசில் வைத்தார்கள். ஏழே கால்.

"இறக்கு" என்றார் அத்தான்.

"டேய், ஒண்ணே கால் கிலோதானே? நான்தானே சுமக்கப் போறேன்?"

"மூணாவது நாள் நீ என் முதுகுல ஏத்துவே. இறக்கு."

விசில் ஒரு நிமிடம் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளறைக்கு எடுத்துப் போய்விட்டு வந்தார். முள் சரியாக ஆறில் நின்றது. என்னத்தை இறக்கினாய் என்று அத்தான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம்தான் இல்லையே.

அவர்கள் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. மிளகாய்ப் பொட்டலத்துக்கெல்லாம் எடை சொல்ல ஆள் இல்லை. இரண்டாம் நாள் நூல்கண்டு தேடிப் பீரோ மேல் கையை விட்டபோது துண்டில் சுற்றிய ஒரு பொருள் தட்டுப்பட்டது. பிரித்தேன். மூச்சு இரைக்கிறவர்கள் மருந்தை ஊற்றிப் புகையாக இழுக்கும் மெஷின். குழாய், மூக்கில் மாட்டும் மூடி, ஒரு டப்பா நிறைய மருந்து. விசிலுக்கு இரைப்பு உண்டு என்பது ஊரறிந்தது, சட்டைப் பையில் வாயில் அடித்துக்கொள்ளும் மருந்துப் பம்பு ஒன்று வைத்திருப்பார். மெஷின் வரை போய்விட்டது எங்கள் யாருக்கும் தெரியாது.

உடனே விசிலின் போனுக்குக் கூப்பிட்டேன்.

"அய்யய்யோ, கண்டுபிடிச்சிட்டியா?" என்று சிரித்தார். பின்னால் கடல் சத்தம் கேட்டது. "அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. தெரிஞ்சா இப்பவே மூட்டையைக் கட்டிடுவான். விட்டுட்டு வந்தது என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா அவளே கப்பல் ஏறி வந்துடுவா. போன வருஷம்தான் மெஷின் வாங்குனேன், அவன் கூட்டிட்டுப் போகமாட்டானேன்னு மறைச்சு வச்சிருந்தேன். பம்பு இருக்கு, போதும்."

"உடம்புண்ணே. விளையாட்டு இல்ல."

"அம்பத்தொம்பது வயசுல இப்பத்தான் டிக்கெட் குடுக்காம பஸ்ஸுல உக்காந்து வேடிக்கை பாக்கறேன். கெடுத்துடாதேம்மா."

நான் சொல்லவில்லை. அவருக்காக மட்டும் சொல்லாமல் இருந்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சொன்னால் மறுநாளே அத்தான் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்துவிடுவார் என்பதும் மனதில் ஓடியது. மெஷினை என் துணிப்பெட்டிக்குள் வைத்தேன்.

ஆறாம் நாளிலிருந்து அங்கே அடைமழை. அத்தான் போனில் கத்தினார்: சுவரெல்லாம் பூசணம், மெத்தை நாறுகிறது, விசில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிறான். போனைக் கீழே வைத்துவிட்டு நான் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பம்பு தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரம். அத்தான் அவரை முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றினார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் விஷயம் தெரிந்து ஒரு நிறுத்தத்திலும் நிற்க விடவில்லையாம். ஜன்னலோர சீட்டில் அத்தான் தோளில் சாய்ந்தபடியே விசில் போய்விட்டார்.

திரும்பி வந்த அத்தான் அழவில்லை. "தூக்கறப்போ அம்பத்தெட்டு கிலோ இருந்தான்" என்று மட்டும் சொன்னார். அதையே நாலைந்து தடவை சொன்னார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து விசிலின் மனைவி வந்தார். தராசுக்குப் பக்கத்தில் பாய் போட்டேன்.

"அண்ணே, பையில அந்த மெஷின் இல்லையே. அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"எந்த மெஷின்?"

"மூச்சுக்கு வைக்கிறது. நான்தான் அடியில வச்சு, மேல துணி அடுக்குனேன்."

அத்தான் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பித் தராசின் முள்ளைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஒண்ணே கால்" என்றார். எழுந்துபோய் உள்ளறையில் கட்டிலுக்கடியிலும் அலமாரியிலும் தேட ஆரம்பித்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டினேன். வாங்கி ஒரு ஆட்டு கூட ஆட்டவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"பீரோ மேல" என்றேன். என்றைக்கு எடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை.

கூடத்துக்கு வந்து மெஷினை அந்த அம்மாவின் மடியில் வைத்தார். "நான்தாம்மா இறக்கச் சொன்னேன். என்னன்னு கேக்கல."

அந்த அம்மா வெகுநேரம் மெஷினைத் தடவிக்கொண்டே இருந்தார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பாருண்ணே" என்றார். "நேராக் கேட்டா அவருக்குப் பொய் சொல்ல வராது."

எனக்குத் தெரியும். நான் கேட்டபோது ஒன்றையும் மறைக்காமல்தான் சொன்னார்.

மறுவாரம் தராசு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது இரண்டு நாற்காலி இருக்கிறது. அத்தான் அதில் ஒன்றில் உட்கார்ந்திருப்பார். எடை சொல்வதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு புதுப் பழக்கம். யார் எந்தப் பையோடு உள்ளே வந்தாலும், காய்கறிப் பையானாலும், எழுந்து வந்து வழியை மறித்து நிற்கிறார்.

நேற்று நான் துணிக்கட்டோடு வந்தபோதும் அப்படித்தான் நின்றார்.

"உள்ள என்ன இருக்கு?"

"துணிதான் அத்தான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் நம்பி வழி விட்டார்.