மூன்று கமாவும் ஓர் இஸ்திரி மேஜையும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மொத்தம் ஒரே ஒரு வாக்கியம். மீதியெல்லாம் கமா.

சிரிக்காதீர்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் லட்சணம் தெரியும். எழுதச் சொன்னால் எழுதுவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால்... நாக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். தமிழிலேயே இந்தக் கதி. படிப்பும் பத்தாம் வகுப்போடு சரி. ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எனக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. வந்த சரக்கின் விவரத்தைத் தினமும் ஹெட் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்ப வேண்டும் என்று சமீபத்தில் புது உத்தரவு போட்டார்கள். என் முதல் மெயிலைப் பார்த்த மேனேஜர், "சரக்கைவிட கமாதான் ஜாஸ்தி வந்திருக்கு போலிருக்கே" என்றார்.

அதனால்தான் எங்கள் தெரு பேக்கரி மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். மைசூரில் இந்த வயதில் ஒருவன் மாலை நேரத்தில் நோட்டுடன் மாடி ஏறினால், தெருவே ஒரு மாதிரிதான் பார்க்கிறது.

வகுப்பு எடுப்பவர் ஸ்ருதி மிஸ். என் பெண் வயதுதான் இருக்கும். வீட்டில் தமிழ், ஆனால் வாயில் கன்னடம்தான் முதலில் வரும். என் மெயிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சார், கமா என்ன கறிவேப்பிலையா? இஷ்டத்துக்குத் தூவியிருக்கீங்க. இங்க பேடா. இங்கயும் பேடா. இங்க ஒண்ணு பேக்கு, அங்க மட்டும் போடல நீங்க."

பேடா என்றால் வேண்டாம். பேக்கு என்றால் வேண்டும். இந்த இரண்டும் தெரிந்தால் மைசூரில் பாதி வாழ்க்கை நடந்துவிடும்.

பிறகு ஒரு மாதம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு விஷயம் சொல்லி, அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமா? முதல் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வையுங்கள். அடுத்த வாக்கியத்தை 'இன் அடிஷன்' என்றோ, 'மோர்ஓவர்' என்றோ, 'ஃபர்தர்மோர்' என்றோ தொடங்குங்கள். உடனே ஒரு கமா. வாயால் சொன்னால் அந்த இடத்தில் ஒரு மூச்சு. வாக்கியத்தின் நடுவில் வருகிற 'ஆல்சோ'வுக்குக் கமா வேண்டாம். 'அண்ட்' இரண்டே இரண்டு சாமானைச் சேர்த்தால் அதற்கும் வேண்டாம்.

"முக்கியமா ஒண்ணு சார்," என்றார் மிஸ். "ஃபர்தர்மோர்னு சொல்லிட்டா பின்னாடி ஒரு புது பாயின்ட் வரணும். இல்லாட்டி எல்லாரும் உங்க முகத்தையே பார்த்துட்டு இருப்பாங்க."

நான் இதைக் கேட்டுத் தலையாட்டினேன். கேட்டேனே தவிர...

சரி, செல்வியிடம் வருவோம்.

எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தின் மூலையில், செல்வி இஸ்திரி மேஜை போட்டிருக்கிறார். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். கட்டடம் கட்டிய காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறார். போன வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது, சூடான பெட்டியைத் தட்டின் மேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, மேசைய எடுக்கச் சொல்லிப்போட்டாங்க. கேட்டீங்களா?"

"யாரு சொன்னது?"

"மூணாவது மாடி பிரசாத் சாருங்க. ரெண்டாவது காரு வாங்கியிருக்காராமா. இந்த எடம் வேணுங்கறாரு. ஞாயித்துக்கெழம மீட்டிங்குல முடிவு பண்றாங்களாமா. ரோட்டோரம் போயிப் போட்டா தூசி முச்சூடும் துணி மேலதானுங்ணா. அப்பறம் யாரு குடுப்பா? இந்த மேசைதான் எங்க வீட்டுச் சோறு."

"ஆமாம்மா..."

"நம்ம பாஷை பேசறவரு இங்க நீங்க ஒருத்தருதான். ஒரு வார்த்த சொல்லுங்ணா."

ஒரு வார்த்தை! அவர் கேட்டதும் அதுதான், கடைசியில் நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அப்போது 'பார்க்கலாம்மா' என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன். எங்கள் மீட்டிங் ஆங்கிலத்தில்தான் நடக்கும். கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று வீட்டுக்கு ஒரு பாஷை, வேறு வழியில்லை.

மனைவியிடம் சொன்னேன். "வழக்கம்போல தலைய மட்டும் ஆட்டிட்டு வராதீங்க. மாசம் முழுக்கக் கத்துக்கிட்டீங்களே, அத அங்க போயிச் சொல்லுங்க" என்றாள்.

உட்கார்ந்து மூன்று நல்ல பாயின்ட் யோசித்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கனெக்டர். ஒவ்வொரு கனெக்டருக்கும் பின்னால் ஒரு கமா, ஒரு மூச்சு. சமையலறையில் நின்று ஒப்பித்துக் காட்டினேன். "மூச்சு நல்லா விடறீங்க" என்றாள்.

எங்கள் மீட்டிங்கின் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருமுறை எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி அடிதடிவரை போனதிலிருந்து, தலைவர் நாகராஜ் சார் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பேசுகிறவர் முடிவில் 'அஷ்டே' என்று சொல்ல வேண்டும் — அவ்வளவுதான் என்று அர்த்தம். அதுவரை யாரும் மறுத்துப் பேசக் கூடாது. ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்காமல் தவித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கலாம். அது மட்டும் அனுமதி. கடைசி அஷ்டே விழுந்த பிறகுதான் திண்டிப் பாத்திரத்தைத் திறப்பார்கள்.

அன்றைய திண்டி சௌ சௌ பாத். காரமாக ஒரு கை உப்புமா, பக்கத்தில் ஒரு கை கேசரி. மீட்டிங் நடப்பது கீழ்த்தளத்தில் என்பதால், பாத்திரத்தை எப்போதும்போலச் செல்வியின் மேஜையில்தான் இறக்கியிருந்தார்கள். அவர் துணிகளை ஒதுக்கி இடம் கொடுத்துவிட்டு, தூணோரம் நின்று சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம்.

பிரசாத் தன் பக்கத்தைச் சொல்லி, அஷ்டே என்று உட்கார்ந்தார். நான் எழுந்தேன். எழுந்ததைப் பார்த்தே நாலு பேருக்கு ஆச்சரியம்.

"செல்வி ஷுட் ஸ்டே ஹியர்," என்றேன். முற்றுப்புள்ளி. பிறகு, "இன் அடிஷன்," கமா, மூச்சு.

அவ்வளவுதான். பாயின்ட் போய்விட்டது. போன இடம் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான் — கனெக்டரும் கமாவும் ஒரு மாதமாக என்னோடு இருந்தவை. பாயின்ட்டுகள் நேற்று வந்தவை. அவற்றுக்கு என்மேல் என்ன பாசம்?

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. ரொம்பத் தாமதமாக.

நான் வார்த்தைக்குத் தவிப்பதாக நினைத்து, பக்கத்திலிருந்த மலையாளத்து டீச்சர் ஆங்கிலத்தில் எடுத்துக்கொடுத்தார். "நாங்க வேலைக்குப் போன பிறகு எங்க கொரியர் எல்லாம் செல்விதான் வாங்கி வைக்கிறாங்க. அதானே சார் சொல்ல வந்தீங்க?"

அது அல்ல. ஆனாலும் தலையாட்டினேன். பதற்றத்தில் அடுத்தது தானாக வந்தது. "மோர்ஓவர்,"

மூச்சு. நீளமான மூச்சு.

முதல் மாடிப் பெரியவர் தொண்டையைச் செருமினார். இந்த மீட்டிங்கில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "நான் மாத்திரை வாங்கப் போனப்போ கேட் பக்கத்துல தலை சுத்தி உக்காந்துட்டேன். இந்தம்மாதான் மேல கூட்டிட்டு வந்தது. பையன்கிட்டகூட நான் சொல்லல."

தூணோரம் சட்டை மடிக்கும் சத்தம் நின்றது. இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் நான் புத்திசாலி. ஆனால் அஷ்டே என்ற சின்னச் சொல் என் நினைவிலேயே இல்லை.

"ஃபர்தர்மோர்," என்றேன்.

இந்த முறை யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. யாரிடமும் மிச்சம் இல்லை போலும். கேசரி வாசனை வந்தது. எல்லோர் கண்ணும் மெதுவாகப் பாத்திரத்தின் பக்கம் போனது. பாத்திரத்திலிருந்து... அதன் அடியில் இருந்த மேஜைக்குப் போனது.

நாகராஜ் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஹௌது, ஆமா... இந்த மேஜைய எடுத்துட்டா இனிமே திண்டி எங்க வைக்கறது?"

பிரசாத் எழுந்தார். மறுத்துப் பேச அனுமதி இல்லை. அவருக்கும் அது தெரியும். தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். செல்வி கை பட்ட மடிப்பு, கத்தி மாதிரி நின்றது.

"சாகு சார், சாகு. போதும். இன்னொரு ஃபர்தர்மோர் பேடா. கார் வெளியிலயே நிக்கட்டும்."

"அஷ்டே," என்றேன். அன்று தடங்கல் இல்லாமல் நான் சொன்ன ஒரே சொல். கைதட்டல் எனக்கா, பாத்திரம் திறந்ததற்கா என்று இன்னமும் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்தபின் செல்வி மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்ணா, இங்கிலீசுல ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லிப்போட்டு நிறுத்துனீங்களே... அதுக்கெல்லாம் என்ன அர்த்தமுங்க?"

"இன்னும் இருக்குன்னு அர்த்தம்மா."

"என்ன இருந்துச்சுங்க?"

"ஒண்ணும் இல்ல."

அவர் சிரித்த சிரிப்பில் என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. "அப்பறம் எதுக்குங்ணா அவங்கல்லாம் பயந்தாங்க?" என்றார்.

அவர்கள் பயந்ததாக நான் நினைக்கவில்லை. எங்கள் மீட்டிங்கில் இதுவரை பேசியவர்கள் எல்லாம் மூச்சு விடாமல் பேசியவர்கள். நடுவில் ஓர் இடம் விட்டால்தானே கொரியர் டீச்சரும் மாத்திரைப் பெரியவரும் உள்ளே வர முடியும்? அந்த இடத்துக்குத்தான் கமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஸ்ருதி மிஸ் இதை ஒப்புக்கொள்வாரா தெரியாது.

மேலும்,

...அஷ்டே.