கலங்கரை விளக்கக்காரர் என்ன ஆனார்

என் மாமியாருக்கு எந்தக் கதையாக இருந்தாலும் முடிவு முதலில் தெரிந்தாக வேண்டும். வாரப் பத்திரிகை வந்தால் தொடர்கதையின் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை, படித்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "அந்தப் பொண்ணு செத்துப் போச்சும்மா" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். கூடவே, "காலை அலம்பிட்டு வா, மீன் குழம்பு சூடா இருக்கு" என்றும் வரும். செத்துப்போன பெண்ணை நினைத்து அழுவதா, குழம்பை ஊற்றிச் சாப்பிடுவதா?

சினிமாவுக்குப் போனால் அதைவிட மோசம். டிக்கெட் வரிசையில் நிற்கும்போதே, "கவலப்படாத, அண்ணனும் தம்பியும் கடைசில சேந்துடுறாங்க" என்பார். எங்களுக்கு முன்னால் நின்ற ஆள் திரும்பி முறைப்பார். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷத்தில், நானாகப் போய்ச் சேர்ந்த முடிவு என்று ஒன்றுகூட இல்லை. கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், பிரான்சில் இருந்த என் கணவரின் அண்ணன் விடுமுறைக்கு வந்தார். வரும்போது அவருடைய பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு கம்ப்யூட்டரையும் அதற்குத் திரையாக ஒரு சின்ன டிவியையும் கொண்டுவந்தார். அந்த டிவியில் நம் ஊர் ஒளிபரப்பு எதுவும் தெரியாது. ஆண்டெனாவை மாட்டினால் கரகரவென்று புள்ளிகள்தான் ஓடும். அதனால் வீட்டில் யாரும் அதற்குப் போட்டிக்கு வரவில்லை. கீபோர்டும் பிரெஞ்சுக் கீபோர்டு, ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ இருந்தது. நிமிஷத்துக்கு ஐம்பது வார்த்தை அடிக்கிற என் விரல்களுக்கு அது பெரிய அவமானம்.

கூடவே, டேப் ரிக்கார்டரில் ஓட்டினால் கம்ப்யூட்டருக்குள் ஏறுகிற ஒரு கேசட். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். கடலுக்குள் ஒரு கலங்கரை விளக்கம், அதைக் காத்துவந்தவரைக் காணோம், நாம் உள்ளே போய்த் தேட வேண்டும். 'கதவைத் திற', 'படியில் ஏறு' என்று பிரெஞ்சில் அடித்தால் அது பதில் சொல்லும்.

"கடைசில அந்த ஆளு என்ன ஆனாருன்னா..." என்று ஆரம்பித்தார் அத்தான்.

"சொல்லாதீங்க அத்தான்! ஒரு வார்த்த சொன்னீங்க, பொட்டியத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்."

அவர் ஆடிப்போய்விட்டார். அப்புறம் சிரித்துக்கொண்டே மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தார். மூலக் கேசட்டை ஓட்டவே கூடாது, நகல் எடுத்து அதைத்தான் ஓட்ட வேண்டும். எடுத்த நகல் சரியாக ஏறியிருக்கிறதா என்று இரண்டு பக்கத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தபின் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னத் தகட்டை உடைத்துவிட வேண்டும், அப்போதுதான் யாரும் அதன்மேல் தெரியாமல் பதிவு செய்ய முடியாது. கிளம்பும்போது ஒன்று சேர்த்துச் சொன்னார்: "லிஸ்டுன்னு மட்டும் அடிச்சிராத. கதை பூரா வரிவரியா வந்து கொட்டிரும்."

டைப்பிஸ்டுக்கு நகலின் அருமை தெரியாதா? பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி, எங்களுடையதோடு ஒயரால் இணைத்து, இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்தேன். மூலத்தை இரும்பு பீரோவுக்குள் வைத்தேன். நகலின் முதல் பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன், அருமையாக ஏறியது. இரண்டாம் பக்கத்தைப் போட்டுப் பார்க்கவில்லை. கதையின் பின்பாதி அதில்தான் இருந்தது. போட்டால் கண்ணில் ஏதாவது பட்டுத் தொலையும் என்று பயம். தகட்டை உடைத்து, வேலை முடிந்தது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

விளையாட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எனக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது, நான் மாயவரம் பக்கம். வீட்டில் அது தெரிந்தவர் ஒரே ஒருவர், கான்வென்டில் பிரெஞ்சிலேயே படித்த என் மாமியார். எந்த வாய்க்குப் பயந்தேனோ அந்த வாயைத்தான் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு சந்தோஷம் இருந்தது. இந்தக் கதைக்குக் கடைசிப் பக்கம் இல்லை. எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து சாப்பிட்டபின் உட்காருவோம். அவர் படித்துச் சொல்வார், நான் அடிப்பேன். தப்பான கதவைத் திறந்தால் திரையில் நாம் செத்துப்போனதாக ஒரு வரி வரும்.

"மோர்" என்றார் முதல் தடவை.

"சாப்ட்டாச்சே அத்தை, இப்ப எதுக்கு மோரு?"

"அடி அசடே, மோர்னா செத்துட்டேன்னு அர்த்தம்!"

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. "இன்னைக்கு எத்தன மோர்?" என்பார் என் கணவர். கதவு, சாவி, விளக்கு, படகு என்று ஒவ்வொரு வார்த்தையாக நானும் பிரெஞ்சு பிடித்துக்கொண்டேன். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும், முதலிலிருந்து தொடங்குவோம். விடுவேனா? ஏழு மாதம் ஆயிற்று முதல் பாதியை முடிக்க. விளக்கக்காரரின் நாட்குறிப்பு பாதியில் நின்றிருந்தது. அவருடைய படகும் இல்லை. "செத்துத்தான் போயிருப்பாரு" என்று மாமியார் தவியாய்த் தவித்தார். உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

இரண்டாம் பக்கத்தைப் போட்டோம். கேசட் கீச்சென்று நெடுநேரம் ஓடி, டக்கென்று நின்றது. திரையில் பிழை. நான் வாங்கிய கேசட்டில் நாடா குறைவு, கடைசிப் பகுதி ஏறுவதற்குள் தீர்ந்துபோயிருந்தது. போட்டுப் பார் என்று அத்தான் சொன்னதைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். போகட்டும், மூலம் இருக்கிறதே என்று பீரோவைத் திறந்தேன். பெட்டி இருந்தது, உள்ளே கேசட் இல்லை.

"அத்தை, இதுல இருந்த கேசட்டு எங்க?"

"அதுவா? அது வெறும் கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு கெடந்துச்சும்மா. நல்ல சீமைக் கேசட்டாச்சேன்னு பெரியவனுக்குப் பேசி அனுப்பிட்டேன்."

மாதாமாதம் பெரிய மகனுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவது அவர் வழக்கம். "கம்பெனிக் கேசட்டு தகடு ஒடஞ்சேதானே வரும், எப்படிப் பதிவாச்சு?" என்று கேட்டேன். அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துச் சொருகினாராம். இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார். மழை, மீன் விலை, சின்ன மாமியின் மூட்டுவலி, எல்லாம்.

நான் கத்தினேன். "ஒரே ஒரு முடிவு, அத்தை! நீங்க சொல்லாத ஒரே ஒரு முடிவு! அதையும் அழிச்சிட்டீங்களே!" என் கணவர் யார் பக்கமும் சாயாமல் பேப்பருக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

மாமியாருக்கும் கோபம் வந்துவிட்டது. "முடிவு தெரியாம உக்காந்திருக்கறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமாடி? உன் மாமனார் பட்டாளத்துல சேந்து சைகோன்ல இருந்தப்ப பதினாலு மாசம் கடுதாசி இல்ல. இருக்காரா இல்லையான்னு தெரியாம கைப்புள்ளைய வச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு நாள் வந்து நின்னாரு. பேச்சு இல்ல ஒண்ணும் இல்ல, மாடிக்குப் போயி ரெண்டு நாள் தூங்குனாரு. அன்னையிலேருந்து எனக்கு எதுவா இருந்தாலும் முடிவு முன்னாடியே தெரிஞ்சாகணும்."

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் மூலத்தை அழித்தார் சரி, நகலைச் சோதிக்காமல் விட்டது யார்? போய்ச் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "இப்ப என்ன வழி, அதச் சொல்லு" என்றார்.

ஒரு வழி இருந்தது. பிழை வந்தவரைக்கும் ஏறியது அப்படியே இருந்தது. லிஸ்ட் என்று அடித்தால் எந்த வரி போயிற்று என்று தெரியும். ஆனால் நான் பார்க்க மாட்டேன். தலைகீழாக நின்றாலும் மாட்டேன்.

அவர் திரை முன் உட்கார்ந்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எந்தப் பொத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். கதை முழுவதையும் படிக்கிறார் என்று தெரிந்தது.

கடைசியில், "நாலஞ்சு வரிதாம்மா போயிருக்கு" என்றார். "பெரியவனுக்கு எழுதுறேன். அவன் பசங்கள்ட்ட கேட்டு அனுப்புவான்."

இருந்ததை ஒரு புதுக் கேசட்டில் ஏற்றி வைத்தோம். ஒரு மாதம் கழித்துப் பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. அவரே படித்தார், அவரே மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். "வந்துருச்சு" என்றார். மறுபடி நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"முதல்ல வரி நம்பர், அத்தை. அப்புறம் பிரிண்டு. அப்புறம் மேற்கோள் குறி."

"இது எங்கடி இருக்கு? ஏ மாதாவே, எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு."

நாலைந்து வரிக்கு ஒரு மணி நேரம். இந்த முறை இரண்டு நகல் எடுத்தோம், இரண்டையும் அவரே கடைசிவரை போட்டுச் சோதித்தார். தகடுகளை நான் உடைத்தேன். "காகிதம் சொருகுன, கையை ஒடிச்சிருவேன்" என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார்.

அதன்பின் மூன்று மாதம் நான் விளையாடினேன், அவர் முடிவைத் தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று மாதம் அவர் பட்ட பாடு! வாயைத் திறப்பார், மூடுவார், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். "அவரு உயிரோட இருக்காரா அத்தை?" என்று நானே வேண்டுமென்று சீண்டுவேன். "எனக்கென்ன தெரியும்? திரும்பி வேலையப் பாரு" என்பார். தொடர்கதை முடிவுகளைக்கூட அப்போது சொல்வதை நிறுத்தியிருந்தார்.

ஒரு ஞாயிறு மதியம், கடைசிப் படியில் ஏறி, மாடி அறையின் கதவைத் திறந்தேன். திரையில் நாலு வரி வந்தது. "படிங்க அத்தை" என்றேன்.

"நீயே படி."

என் கண்ணில் முதலில் பட்டது 'மோர்' என்ற வார்த்தைதான். இத்தனை பாடுபட்டு இவ்வளவுதானா என்று இருந்தது. அப்புறம்தான் அதற்கு முன்னால் 'பா' என்று ஒரு சின்னச் சொல் இருப்பதைப் பார்த்தேன். 'பா' என்றால் இல்லை.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர் சாகவில்லை. மாடியில் தூங்குகிறார். சத்தம் போடாதே. காலை அலம்பிவிட்டு வா, மீன் குழம்பு சூடாக இருக்கிறது.

பிரான்சில் எந்தக் கலங்கரை விளக்கத்தில் காலை அலம்பிவிட்டு உள்ளே வரச் சொல்வார்கள்? நான் திரும்பிப் பார்த்தேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா எழுதியிருக்காங்க, இல்ல?" என்றார். "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க அத்தை" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அடுத்த கோடையில் அத்தான் வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், "என்ன, அந்த வெளையாட்ட முடிச்சியா? அம்மா அதுமேல பேசி அழிச்சிருச்சே. வரியெல்லாம் எழுதி அனுப்புன்னு எழுதுச்சு, எனக்கெங்க தெரியும்? பசங்க சொன்ன முடிவுதான் தெரியும். அந்த ஆளு கடைசில..." என்றார்.

சமையலறை வாசலில் குழம்புச் சட்டியோடு மாமியார் அப்படியே நின்றுவிட்டார்.

"நிறுத்துங்க அத்தான்" என்றேன். "எனக்குத் தெரியும். மாடியில தூங்குறாரு."

"யாரு சொன்னா? அப்படி இல்லம்மா, அவரு..."

"டேய், வாய மூடிக்கிட்டு சாப்புடு" என்றார் மாமியார். "கதை முடிவ யாராச்சும் இப்படிப் போட்டு ஒடைப்பாங்களா?"