படகுத்துறையில் நின்றவள்

எங்கள் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கணவர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். அதனால் என் நாவலில் ஓர் அத்தியாயம் முடிந்தால் நான் வாசிப்பேன், அவர் சாயாவை வைத்துக்கொண்டு கேட்பார்.

பாதியில் நாவல் படுத்துவிட்டது. இஞ்சிக் கிடங்கில் வேலை பார்க்கும் கதாநாயகி, புருஷனோடு சண்டை போட்டுவிட்டுப் படகுத்துறையில் வந்து நிற்கிறாள். ஏறுவாளா, திரும்புவாளா? எனக்கே தெரியவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன். நானே படகுத்துறைக்குப் போய், வந்த படகுகளை வெறித்துவிட்டுத் திரும்பினேன். இந்தச் சனியனை யார் எழுதச் சொன்னது என்று எரிச்சலாக வந்தது. தாள்களைக் கட்டிப் பரணில் போட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

அன்று மாலை மழை. "வாயி, கேக்கட்டும். அவ போட்ல கேறினாளா?" என்று வாசிக்கச் சொன்னார் அவர்.

எழுதவில்லை என்று சொல்ல வெட்கம். அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியத்தில், பழைய தாளைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் ஏறினாள். அக்கரையில் இறங்கியதும் வீட்டில் அரிசி ஊறப்போட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிவர டிக்கெட் வரிசையில் நின்றாள். பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே போகவிட்டாள். அவர் எழுந்து தம்ளரைக் கழுவி வைத்தார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும், "நேத்து வாயிச்சத ஒண்ணுகூடி வாயி" என்று மறுபடி வாசிக்கச் சொன்னார்.

தாளை எடுத்தேன். எப்படித் தொடங்கினேன் என்பதே மறந்துவிட்டது. ஏதோ உளறினேன்.

"அது இல்ல," என்றவர், அரிசியிலிருந்து வரிசைவரை என் வாக்கியங்களையே ஒப்பித்தார். "ஒரே தாளப் பிடிச்சு அரமணிக்கூறு வாயிச்சே. எனக்கு அப்பவே மனசிலாச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ நிறுத்திருவே. பின்னே அவ என்ன ஆனான்னு எனக்கு ஆரு சொல்லுவா?"

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பேனாவை எடுத்தேன். அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். என் வரிகளை அவர் வாயிலிருந்து கேட்டு எழுதினேன். வரிசை வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இவ்ளோதான் எனக்குத் தெரியும். இனி நீ சொல்லு."