இறங்கினால் ஒரு மிஸ்டு கால்

என் மகள் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வெளியூர் போனபோது எங்களுக்குள் ஒரே ஒரு ஏற்பாடுதான். தனியாக ஓட்டித் தரையிறங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் பேசுவேன், பேசினால் அழுவேன், கூடப் படிப்பவர்கள் எதிரில் அவள் மானம் போகும்.

தி.நகர் அலுவலகத்தில் ஃபோனை மேசைமேல் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். வேலை என்பது சும்மா பேச்சு. எழுந்து தண்ணீர் குடிப்பேன், ஜன்னலுக்குப் போவேன், மறுபடி தண்ணீர் குடிப்பேன். ஃபோன் அடித்து அடங்கிய பிறகுதான் டிபன் டப்பாவைத் திறப்பேன்.

அந்த வியாழக்கிழமையும் அடித்து அடங்கியது. நிம்மதியாகப் புளியோதரை சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்தால், அசோக் நகரில் இருக்கும் என் அண்ணா ஒரு படம் அனுப்பியிருந்தான். ஓடுபாதையில் மூக்குக் குப்புற ஒரு குட்டி விமானம். கீழே, "இது நம்மாத்துக் கொழந்தை கத்துக்கற எடம்தானே?"

பையைக்கூட எடுக்காமல் ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினேன்.

"எங்க போணும் மேடம்?"

அவள் இருப்பது ஏழு மணி நேரத் தொலைவில். "போப்பா" என்றேன்.

"இன்னா மேடம், எங்கன்னு சொல்லாம எங்க போறது?"

அபிராமபுரம் என்று வீட்டைச் சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

"நன்னா இருக்கேம்மா. எறங்கறச்சே வண்டி குதிச்சுது. பயந்துபோய் மூக்கைக் கீழே அமுக்கிட்டேன். அமுக்கவே கூடாது. முன் சக்கரம் ஒடைஞ்சுடுத்து."

"அப்புறம் எதுக்குடி மிஸ்டு கால்?"

"எறங்கினா குடுக்கணும்னுதானே பேச்சு. எறங்கிட்டேனே."

இதுவரை வந்த மிஸ்டு கால்களில் எத்தனை இப்படியோ! கோபம் தலைக்கேறியது.

அவளே சொன்னாள். "விசாரணை முடிஞ்சதும் மறுபடி ஏறச் சொல்லுவா. நீ வேண்டாம்னு சொன்னா ஆத்துக்கு வந்துடறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் அதைச் சொல்ல மாட்டேனா என்று அவள் காத்திருப்பது குரலிலேயே தெரிந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. "நான் சொல்ல மாட்டேன். ஏறறதும் விடறதும் உன் இஷ்டம். ஏறினா இனிமே மிஸ்டு கால் கெடையாது. நான் எடுப்பேன், நடந்ததைச் சொல்லணும்."

ஏறினாள். சில வாரம் கழித்து ஒரு நாள் ஃபோன் அடித்தது. பழக்கதோஷம், அடங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடங்கவில்லை. அப்புறம்தான் உறைத்து, பாய்ந்து எடுத்தேன்.

"ரெண்டு தடவை குதிச்சுதும்மா. அமுக்கலை. திரும்ப மேலே தூக்கிண்டு போய், ஒரு சுத்து சுத்திண்டு வந்து எறங்கினேன்."

"சரி, சாப்டு" என்றேன்.

நடந்ததைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்குமா? அன்று என் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.