படகு முடிச்சு: பாசிர் பாஞ்சாங்கிலிருந்து ஏழாங்கட்டைத் தோட்டம் வரை

லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும் என்று என் மனைவி சரோஜாவைக் கேளுங்கள். மிளகாய்த் தூளை எந்த டப்பாவில் வைக்க வேண்டும் என்று அவளுக்கே நான் பாடம் எடுத்தேனாம். "எங்கயாச்சும் வெளிய போவோம், வாங்க. உங்கப்பா கரையேறின எடத்தையாச்சும் காட்டுங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து கதையாவே கேட்டுக்கிட்டிருக்கேன்லா" என்றாள். ஆகவே போன மாதம், பள்ளி விடுமுறை முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். நீங்களும் விடுமுறை நாளில் போகாதீர்கள். போர்ட்டிக்சன் சாலையில் கோலாலம்பூர்க்காரர்கள் காரை நிறுத்திவிட்டுத் தூங்குவது போலத்தான் ஓட்டுவார்கள்.

சிரம்பானிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் போர்ட்டிக்சன் முப்பத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே பசியாறிவிடுங்கள். ரொட்டி சானாய் மூன்று, தே தாரிக் இரண்டு, எல்லாம் சேர்த்து ஒன்பது ரிங்கிட் ஆனது. மூன்றாவது ரொட்டி யாருடையது என்பது குடும்ப விஷயம். கடலோரமாகவே தெற்கே போனால் அப்பா கரையேறிய பாசிர் பாஞ்சாங். காலையில் கூட்டமே இல்லை. வலையைக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரரிடம், ஜப்பான் காலத்தில் இந்தப் பக்கம் கப்பல் ஏதும் முழுகியதா என்று மலாயில் கேட்டேன். "பாக்சிக், எனக்கு முப்பது வயசுதான். என்னோட படகு முழுகினது வேணும்னா சொல்றேன்" என்றார். நியாயம்தான்.

அப்பா கோவிந்தன் நாகப்பட்டினத்துக்காரர். சரக்குக் கப்பலில் கயிற்று வேலை. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தபோது கப்பலையும் பிடித்தான், கப்பலோடு சேர்த்து அப்பாவையும் பிடித்தான். அதன் பிறகு அவரைக் கொல்லப் பார்த்தது வெள்ளைக்காரனின் நீர்மூழ்கி. கடலுக்கடியில் இருப்பவனுக்கு மேலே பறப்பது ஜப்பான் கொடி என்று தெரியும். அந்தக் கொடிக்குக் கீழே நின்று கயிறு இழுப்பவன் கோவிந்தன் என்று அவனுக்கு யார் சொல்வது? கப்பலில் யாரும் உள்ளே படுப்பதில்லையாம். வெயிலோ மழையோ, மேல்தளத்தில்தான் படுக்கை. கீழே கரி அள்ளிப் போடுகிறவர்கள் மட்டும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு இறங்குவார்களாம்.

முதல் கப்பல் டார்ப்பிடோ பட்டு முழுகியபோது அதில் இரண்டு உயிர்ப்படகுகள் இருந்தன. ஒன்றின் கயிறு ஈரத்தில் ஊறி, முடிச்சு இறுகி, அவிழவே இல்லை. ஏறி உட்கார்ந்திருந்த ஆட்களோடு அந்தப் படகையும் கப்பல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இதை மட்டும் அப்பா சிரிக்காமல் சொல்வார். அன்றிலிருந்து அவர் கட்டியதெல்லாம் ஒரே முடிச்சுதான். எங்கள் வீட்டு ஆடு, சைக்கிள் கேரியரில் விறகு, என் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் அதே முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிர அவிழாது. வகுப்பில் பையைத் திறக்க முடியாமல் நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. கேட்டால், "படகு முடிச்சுடா" என்பார், அவ்வளவுதான்.

இரண்டாவது கப்பல் முழுகியது இந்தக் கரைக்கு எதிரே. அப்பா தண்ணீரில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடக்க, கூட வந்த ஜப்பான் காவல் கப்பல் அந்த நீர்மூழ்கியைத் தேடித் தேடிக் கடலுக்குள் குண்டு போட்டதாம். ஒவ்வொரு குண்டுக்கும் வயிற்றில் கழுதை உதைத்த மாதிரி இருந்ததாம். பலகைமேல் ஏறிப் படுத்துத் தப்பித்தார். "என்னைக் கவுத்தவன்தான் கீழ இருந்தான். ஆனாலும் பாவமா இருந்துச்சுடா. எனக்காச்சும் கடல் இருந்துச்சு குதிக்க. அவன் எங்க குதிப்பான்?" என்பார். சரோஜா இதைக் கேட்டுவிட்டு, வெயில் ஏறுகிறது, கிளம்புங்கள் என்றாள்.

கரையேறிய ஆட்களை ஜப்பான்காரன் பிடித்து மூன்றாவது கப்பலில் ஏற்றப் பார்த்தான். அப்பா தப்பித்து ரப்பர்க் காட்டுக்குள் நடந்துவிட்டார். அவர் நடந்த வழியில் இன்று நல்ல தார்ச்சாலை இருக்கிறது, பதினான்கு கிலோமீட்டர். அவர் போய்ச் சேர்ந்த ஏழாங்கட்டைத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. முகப்பில் காவலுக்கு நின்ற ஜாகா நம்மவர்தான். "மாரியம்மன் கோயிலா? அங்கதான்லா இருக்கு. ஆனா கார் போவாது, லோரி போட்ட பள்ளம்" என்றார். முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவனிடம் பள்ளத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம். ஓட்டிக் காட்டினேன். முதல் பள்ளத்திலேயே கார் உட்கார்ந்துவிட்டது. ஜாகாவே வந்து தள்ளினார், அதுதான் இன்னும் அவமானம். மீதி வழி நடந்தோம்.

கோயில் சின்னது, புதிதாகச் சாயம் அடித்திருக்கிறார்கள். இந்த வாசலில்தான் என் அம்மா முனியம்மாவுக்குக் கல்யாணப் பந்தல் போட்டிருந்தது. மாப்பிள்ளை ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நேரமாகியும் ஆளைக் காணோம். அந்த நேரத்தில்தான் இடுப்பில் ஒரு சாக்கு மட்டும் சுற்றிக்கொண்டு அப்பா பந்தலுக்குப் பின்னால் வந்து, கிழங்கு வேகிற வாசனையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரப்பா நீ என்று கேட்டு முடிப்பதற்குள் ஜப்பான் சிப்பாய்களின் லாரி வந்துவிட்டது. ஓடிப்போன கப்பல்காரனைத் தேடுகிறார்களாம்.

அம்மாவின் அப்பா தோட்டத்து மண்டோர். ஆளை ஏவி வேலை வாங்கியே பழகியவர், அங்கேயும் ஏவினார். சாக்கைப் பிடுங்கிப் போட்டு மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த வேட்டியைச் சுற்றிவிட்டு, "மாலையப் போட்டுக்கிட்டு ஒக்காருடா. அவனுங்க போனதும் எந்திரிச்சிரலாம்" என்றார். அம்மா, "அப்பா, இது என்னா கூத்து?" என்றாள். "கூத்துதான். ஒரு உசுரு போவப்போவுது, செத்த தலையக் குனி."

மாலையோடு போயிருந்தால் சரி. வந்த அதிகாரிக்குத் தமிழ்க் கல்யாணம் பார்க்க ஆசை வந்துவிட்டது. பெஞ்சைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு, ம், நடக்கட்டும் என்று கையைக் காட்டினான். கத்தியும் துப்பாக்கியுமாக ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது யார் மாட்டேன் என்பது? மண்டோர் கண்ணைக் காட்ட, மேளத்துக்குத் தகர டின்னைத் தட்ட, அப்பா தட்டில் தயாராக இருந்த தாலியை எடுத்துக் கட்டினார். கைக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு. அதைப் போட்டுவிட்டார். அதிகாரி கைதட்டினான். சிப்பாய்கள் அவித்த மரவள்ளிக்கிழங்கை ஒரு கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன கொஞ்ச நேரத்தில், டயர் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிஜ மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். அவிழ்த்து விடு, அவர் கட்டட்டும் என்றார்கள். அவிழ்த்தால்தானே! பெண்கள் நகத்தால் பார்த்தார்கள், தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், ஓர் அத்தை பல்லால் கடித்தே பார்த்தாள். "கழுத்தையாச்சும் விட்டு வைங்கடி!" என்று அம்மா கத்தினாள். கத்தி வைத்து அறுக்கலாமே என்று மாப்பிள்ளை சொன்னதும் பந்தலே பதறிப்போனது. கட்டியவன் குத்துக்கல் மாதிரி நிற்கும்போது தாலிக்கயிற்றில் கத்தியா? கடைசியில், நீயே அவிழ்டா என்று அப்பாவைப் பிடித்துத் தள்ளினார்கள். அவரும் வியர்க்க வியர்க்க இழுத்துப் பார்த்துவிட்டு, "ஈரத்துல இறுகிப்போச்சுங்க. இனி வராது" என்று கைவிரித்துவிட்டார். அம்மாவின் தலையெழுத்தே அந்த முடிச்சில் தொங்கியது. மாப்பிள்ளை எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி, கெழங்காச்சும் மிச்சம் இருக்கா?" என்றார். சாப்பிட்டதும் அப்பா அவருடைய டயரைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். ரெம்பாவ் வரைக்கும் அது அவிழவே இல்லையாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காரை முகப்பிலேயே நிறுத்துங்கள், ஜாகா சொல்வதைக் கேளுங்கள். கொசு மருந்து கட்டாயம். தோட்டத்துக்குள் கடை கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். சூடம் கோயிலிலேயே இருக்கும். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. இருந்தாலும், நம் ஆட்கள் எதையெல்லாம் தாண்டி வந்து சோறு தின்றார்கள் என்று கரையில் கொஞ்ச நேரம், தோட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தால் நல்லது. எனக்கு மனசு நிறைந்திருந்தது.

கோயில் வாசலில் உட்கார்ந்து மீதித் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் சரோஜா கேட்டாள். "ஏங்க, அவிழவே அவிழாதுன்னா, கயிறு மாத்துறப்பல்லாம் உங்கப்பா எப்படிங்க மாத்துனாரு?"

ஆட்டுக்கயிற்றை ஒரு நொடியில் அவிழ்க்கிற மனுஷன் அன்றைக்கு மட்டும் ஏன் கைவிரித்தார் என்று எனக்கும் வெகுகாலம் உறைக்கவில்லை. அப்பா இறந்தது எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். காரியத்தன்று அத்தை கத்தியோடு வந்தபோது அம்மா, "கத்தி வேணாம்" என்றாள். கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஒரு நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. கயிறு அப்படியே கையோடு வந்துவிட்டது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

பிறகு தனியாகக் கேட்டேன். "கல்யாணம் ஆன மூணாம் நாளே சொல்லிட்டாருடா" என்றாள் அம்மா. "'பொய் சொல்லிட்டேன் புள்ள. உன்னைய விட்டுட்டுப் போவ மனசு வரல. இது படகு முடிச்சு. என்னா இழுத்தாலும் இறுகும், ஆனா இந்த நுனியைப் புடிச்சா ஒரே இழுப்புல வந்துரும். கப்பல் முங்குறப்ப படகு மாட்டிக்கக் கூடாதுல்ல? உனக்கு எப்ப வேணாம்னு தோணுதோ, இழுத்துக்க'ன்னு என் கையப் புடிச்சுக் காட்டிக் குடுத்தாரு."

"முப்பது வருஷத்துக்கு மேல தெரிஞ்சுக்கிட்டே இருந்தியாம்மா? ஏன் இழுக்கல?"

அம்மா அந்தக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"முங்கலையேடா."