ஜோலார்பேட்டையில் இறங்கியவன்

போன வாரம் பெங்களூர் ரயிலில் என் மகள் தடிமனான ஒரு நாவலில் தலையைப் புதைத்திருந்தாள். பெரியவர்கள் கதையா, சின்னப் பிள்ளைகள் கதையா என்று கேட்டேன். "ரெண்டும் இல்லப்பா, யங் அடல்ட்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பழைய தோஸ்த் ரஃபீக் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டானே.

அவள் புத்தகத்தில் புதுக் காகித வாசனை. அந்தக் காலத்தில் என் புத்தகங்களுக்கு அந்தப் பாக்கியம் இருந்ததில்லை. வேலூர் லாங் பஜாரில் பழைய கடையில் பொறுக்கி வருவேன். இரண்டே நாளில் சுண்ணாம்பும் ஈரத்தோலுமாக நாற ஆரம்பித்துவிடும். எண்பதுகளில் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நான் கிளார்க். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப் என்றுதான் சொல்வோம். அப்பா அங்கேயே சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டியவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் மேனேஜரிடம் கெஞ்சி எனக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். தினமும் காலையில் தொட்டிக்குப் போகும் வழியில் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். நான் உட்கார்ந்திருப்பேன். அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காகவே எழுந்திருக்க முடியாமல் போனது.

உட்கார்ந்தபடியே கதை எழுதினேன். பதினாறு வயசுப் பையன், தோல் ஷாப்பை விட்டு ஓடிப்போக ரயில் ஏறுவான். ஜோலார்பேட்டையில் எஞ்சின் மாற்ற வண்டி வெகுநேரம் நிற்கும். டீ குடிக்க இறங்குவான். வண்டி போய்விடும். எத்தனை கதை எழுதினாலும் இதேதான். நானே ஜோலார்பேட்டையைத் தாண்டியதில்லை. அப்புறம் என்ன வருமென்று தெரிந்தால்தானே எழுத?

என் ஒரே வாசகன் ரஃபீக். தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பவன். சாப்பாட்டு நேரத்தில் என் காகிதத்தையும் கட்டைவிரலால் தடவிவிட்டுத்தான் படிப்பான். "இன்னாடா, உன் ஆளுக்கு டீ குடிக்காம ஊர் தாண்ட வராதா?" என்பான்.

ஒரு பத்திரிகை கதையைத் திருப்பி அனுப்பியது. சிறுவர்களுக்கு இது ஜாஸ்தியாம், பெரியவர்களுக்குக் கம்மியாம். ரஃபீக் யோசித்துவிட்டுச் சொன்னான்: "வெட் புளூடா இது."

வெட் புளூ என்றால் பாதி பதனிட்ட தோல். நீலம் பாரித்து ஈரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். இனி அழுகாது, ஆனால் செருப்பாகவும் ஆகாது.

"நாம ரெண்டு பேரும் அதான், தோஸ்த்" என்றான்.

பெங்களூரில் இருந்த அவன் மாமு அவனுக்கு ஒரு கடையிலும், எனக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தவும் வேலை பேசி வைத்தார். எங்கள் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா முடிந்து ரஃபீக் வந்ததும் ரயில் ஏறினோம். வீட்டில் லாங் பஜார் போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஜோலார்பேட்டை வந்தது. எஞ்சினைக் கழற்றினார்கள். டீ குடிக்க இறங்கினேன். கிளாஸை வாயில் வைத்தபோது, நாளைக் காலையில் அப்பா ஜன்னலில் எட்டிப் பார்ப்பாரே என்று தோன்றியது. வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டு அப்படியே தொட்டியில் இறங்குவார். புது எஞ்சின் கூவியது. வண்டி நகர்ந்தது. வாசல் கம்பியைப் பிடித்தபடி ரஃபீக் கை நீட்டினான்.

"டேய், கதை எழுதாத. ஏறு."

கடைக்காரரிடம் கிளாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை அப்பா எட்டிப் பார்த்தார். உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையனைப் பற்றி அதற்கப்புறம் எழுதவில்லை.

இந்த முறை ஜோலார்பேட்டை வந்ததும் பழக்க தோஷத்தில் எழுந்தேன். வாசலை எட்டுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இப்போது எஞ்சின் மாற்றுவதில்லையாம். டீ ஆறும்வரை வண்டி காத்திருந்த காலம் போய்விட்டது. "எங்கப்பா போறீங்க?" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த வண்டியில் ஏறியிருந்தால் என் கதைப் பையனுக்கு இறங்க நேரமே இருந்திருக்காது. பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பான்.